பழைய ரிவால்வரில் ப்ளூ தேய்ந்துவிட்டது: கோல்டு ப்ளூ மட்டும் போட்டு ஒப்பேற்றலாமா?

சுழலி38 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கைமாறி வந்த .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று. ஆறு தோட்டா, நான்கு அங்குலக் குழல். மலிவு ரகம்தான், சேகரிப்பவர்கள் தேடி அலையும் மாடல் இல்லை. இயக்கத்தில் குறை தெரியவில்லை, தோற்றம்தான் பரிதாபம்: ப்ளூ (எஃகுக்குத் தரும் கருநீல நிறம்) பல இடங்களில் தேய்ந்துவிட்டது.

குழல் முனையின் இரண்டு பக்கமும் உறையில் உரசி உரசி வெள்ளை எஃகு தெரிகிறது. சிலிண்டரின் முன்விளிம்புகளும் அப்படியே. சிலிண்டரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. கைப்பிடியின் பின்பட்டையில் உள்ளங்கை படும் இடம் பழுப்பேறியிருக்கிறது. ஃபிரேமின் வலப்பக்கம், பிடிக்குச் சற்று மேலே, கடுகளவில் சில துருப்புள்ளிகள். ட்ரிகர் கார்டு (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) மட்டும் வேறு மாதிரி இருக்கிறது: அடிப்பக்கத்தில் கறுப்பு செதில் செதிலாக உரிந்து, உள்ளே மங்கிய சாம்பல் நிறம் தெரிகிறது.

முழுவதையும் உரித்து மறுபடி ப்ளூ போட இந்தத் துப்பாக்கிக்குச் செலவு கட்டுப்படியாகாது. தேய்ந்த இடங்களை மட்டும் சரிசெய்தால் போதும். கோல்டு ப்ளூவில் (கொதிக்கும் தொட்டி இல்லாமல் கையால் பூசிக் கறுப்பாக்கும் மருந்து) திரவம் நல்லதா, பசை நல்லதா? துருவை முதலில் எப்படி எடுப்பது? ட்ரிகர் கார்டிலும் அதையே போடலாமா? சிலிண்டர் கோட்டுக்கு ஏதாவது வழி உண்டா?

உலோகவாசி:

கடைசியாகக் கேட்டதற்கு முந்தையதிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ப்ளூ உரியாது. தேயும், மங்கும், பழுப்பாகும். செதிலாகக் கழன்று வராது. தொழிற்சாலையில் போடும் ஹாட் ப்ளூ என்பது எஃகின் மேல்தோலே கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுவது. தடிமன் ஓரிரு மைக்ரான், தனியாக உரிவதற்கு அங்கே படலம் என்று ஒன்று கிடையாது. உங்கள் ட்ரிகர் கார்டில் செதில் உரிகிறதென்றால் அது பெயின்ட் அல்லது சுட்டுப் பிடிக்கவைத்த பூச்சு. அடியில் மங்கிய சாம்பல் தெரிவதால் அலுமினியக் கலவையாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கலாம்.

மலிவு ரிவால்வர்களில் இது சாதாரணம். சார்ட்டர் ஆர்ம்ஸ் அண்டர்கவர் வகையில் மேல் ஃபிரேம் எஃகு, ட்ரிகர் கார்டும் பிடிச்சட்டமும் சேர்ந்த அடிப்பகுதி அலுமினியக் கலவை. ஹெரிடேஜ் ரஃப் ரைடரில் குழலும் சிலிண்டரும் எஃகு, ஃபிரேம் துத்தநாக வார்ப்பு. பழைய ரோம் ஆர்ஜி வரிசையில் பலவற்றிலும் ஃபிரேம் துத்தநாகம்தான். கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். மருந்து தொட்டால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே முதல் வேலை காந்தம். ஒவ்வொரு பாகத்திலும் தனித்தனியாக வையுங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே எஃகுக்கான கோல்டு ப்ளூவை மறந்துவிடுங்கள். ஒட்டினாலும் உடனே முடிவுக்கு வர வேண்டாம். ஸ்டெயின்லெஸ் எஃகில் 400 வரிசை காந்தத்தில் ஒட்டும், ஆனால் குரோமியம் இருப்பதால் கோல்டு ப்ளூ அதில் பிடிக்காது. நிக்கல் முலாம் போட்ட எஃகும் ஒட்டும், அதிலும் பிடிக்காது.

சந்தேகம் தீர ஒரு வழி: பிடியைக் கழற்றி, அது மறைக்கும் இடத்தில் அரிசி அளவுக்குச் சுரண்டி, அசிட்டோனில் துடைத்து, பட்ஸ் நுனியில் ஒரு துளி மருந்து வையுங்கள். சாதாரண எஃகு சில விநாடிகளில் கருநீலச் சாம்பலாகும். ஸ்டெயின்லெஸ், நிக்கல், அலுமினியம் மூன்றும் பெரிதாக எதுவும் செய்யாது. துத்தநாகம் சடாரென்று கரி போலக் கறுக்கும், துணியால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். அதைப் பார்த்து "நன்றாகப் பிடிக்கிறதே" என்று ஏமாறுபவர்கள் அதிகம்.

இன்னொன்று. தொடர் எண்ணும் தயாரிப்பு முத்திரைகளும் இருக்கும் பக்கம் உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள். எண்ணை மழுக்குவது பல நாடுகளில் குற்றம். அது ஒருபுறம் இருக்க, எழுத்தின் விளிம்பு மழுங்கிய துப்பாக்கியைப் பார்த்த உடனேயே யாரோ கைவைத்தது என்று தெரிந்துவிடும்.

எண்ணெய்த்துணி:

எஃகு பாகங்களுக்கான முறையை நான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். மருந்து பூசுவது இதில் பத்தில் ஒரு பங்கு வேலைதான்.

சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறைக்குப் போகட்டும். பிடித் திருகை அதன் காடிக்குச் சரியாகப் பொருந்தும் முனையால் மட்டும் கழற்றுங்கள். காடி சிதைந்தால் நீங்கள் மறைக்க வந்த தேய்மானத்தைவிட அதுதான் முதலில் கண்ணில் படும். சிலிண்டரைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். பக்கத் தகட்டைத் திறக்கத் தேவையில்லை, அதை நெம்பித் திறக்கவே கூடாது. குழல் துளை, சிலிண்டர் அறைகள், சிலிண்டர் சுழலும் அச்சு, பின்பக்கப் பற்சக்கரம், ஹேமர், ட்ரிகர் எதிலும் மருந்து படக் கூடாது. குழல் முனையில் உலர்ந்த ரப்பர் அடைப்பு வையுங்கள். எண்ணெய்த் துணியை அடைத்தால் எண்ணெய் கசிந்து முனையில் மருந்து பிடிக்காது.

துரு முதலில், பின்பட்டைப் பழுப்பும் இதில் சேர்த்திதான். புள்ளிகள் மேல் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு வெண்கல நாரோ நான்கு சுழி (0000, மிக நுண்ணிய) ஸ்டீல் வூலோ கொண்டு அழுத்தாமல் தேயுங்கள். அடம்பிடிக்கும் புள்ளியைப் பித்தளைத் துண்டின் விளிம்பால் சுரண்டலாம். பித்தளை எஃகைவிட மென்மையானது, கீறாது. வினிகர், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கிகள், கடையில் ப்ளூ நீக்கி என்று கிடைப்பவை எல்லாம் வேண்டாம். துரு எப்படி இரும்பு ஆக்சைடோ அப்படியே ப்ளூவும் இரும்பு ஆக்சைடு. அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான், புள்ளியைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டுவிடும். துரு போனபின் குழி தெரிந்தால் விட்டுவிடுங்கள். குழி மறையும்வரை ஃபிரேமைத் தேய்ப்பது இந்த வேலைக்குள் வராது. சிலிண்டரில் அது கூடவே கூடாது: பூட்டுக் காடிக்கு (சிலிண்டரை நிறுத்தும் நாக்கு விழும் பள்ளம்) அடியில் அறைச் சுவர் ஏற்கெனவே மெலிதாகத்தான் இருக்கும்.

வெள்ளை தெரியும் இடத்தை அப்படியே விட்டு மருந்து போட்டால் அங்கே ஓர் எல்லைக்கோடு விழும். குழல் முனையில் 400 எண் தண்ணீர்த்தாள், பிறகு 600, இரண்டும் பின்னால் சிறு மரக்கட்டை வைத்து. விரலால் அழுத்தினால் விளிம்பு உருண்டுவிடும். பழைய மெருகுக் கீறல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அதே திசையில் இழுங்கள். குழலில் பெரும்பாலும் நீளவாக்கு. சுற்றியுள்ள பழைய ப்ளூவுக்குள் மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை ஸ்டீல் வூலால் இலேசாகக் கலைத்துவிட்டால் புதிய நிறமும் பழையதும் சேரும் இடம் தெரியாது.

அடுத்ததுதான் முக்கியம்: எண்ணெய் நீக்கம். அசிட்டோன் அல்லது 99 சதவீத ஐசோபுரோபைல். 70 சதவீதம் வேண்டாம், மிச்சம் தண்ணீர். வெள்ளைத் துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள், துணியில் கறை வராதவரை. பிறகு ஹேர் ட்ரையரால் சூடாக்கிவிட்டு மறுபடி துடையுங்கள். பக்கத் தகட்டின் இணைப்பு, முன்குறி (குழல் முனையின் மேல் நிற்கும் குறிபார்க்கும் துண்டு) அடி, குழல் ஃபிரேமில் திருகிய இடம் ஆகியவற்றில் பதுங்கியிருந்த எண்ணெய் சூட்டில் இளகி வெளியே வரும். இந்த இரண்டாவது துடைப்பைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் இணைப்புகளை ஒட்டி நிறம் பிடிக்காமல் வெள்ளைக் கோடு விழும். பாகம் தனியாகக் கழன்று வந்தால் ஒரு சோதனை உண்டு: தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மணிமணியாகத் திரளாமல் விரித்த படலமாக நின்றால் சுத்தம். இதற்குப் பிறகு நைட்ரில் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஸ்டீல் வூலையும் அசிட்டோனில் அலசி உலர்த்துங்கள், கடையில் வாங்கும் நாரில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். பிளாஸ்டிக் பிடியும் பெயின்ட் அடித்த பாகமும் அசிட்டோனில் கரையும், பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

இப்போது மருந்து. எஃகைக் கைக்கு இதமான சூட்டுக்கு, சுமார் 40 முதல் 45 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் போனால் திரவம் பரவும் முன்பே உலர்ந்து பட்டை பட்டையாகும். ஒரு தேக்கரண்டி அளவு தனிக் கோப்பையில் ஊற்றிக்கொள்ளுங்கள், பட்ஸைப் புட்டிக்குள் விடாதீர்கள். நனைந்த, ஆனால் சொட்டாத பட்ஸால் சுழற்றிச் சுழற்றிப் பூசி, 30 முதல் 60 விநாடி ஈரமாகவே வைத்திருங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்த்துங்கள். ஸ்டீல் வூலால் மேலே படிந்த கரியை மட்டும் எடுக்கும் அளவுக்கு இலேசாகத் தேயுங்கள். இது ஒரு சுற்று.

முதல் சுற்றில் வெளிர் சாம்பல்தான் வரும், பதற வேண்டாம். இரண்டு மூன்று சுற்றில் கறுக்கும். நான்கைந்துக்கு மேல் நிறம் ஏறாது. அதன்பின் போடுவது மேலே பொடியாகத்தான் சேரும். ஒரே தடவையில் தாராளமாக ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிடுவதைவிட மெல்லிய நான்கு சுற்று எப்போதும் மேல்.

முடித்ததும் ஒரு குவளை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து அந்த இடத்தைத் துடையுங்கள். பிறகு வெறும் நீர், பிறகு ட்ரையர். சூடு ஆறுவதற்குள் எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஓர் இரவு அப்படியே வைத்துவிடுங்கள். மறுநாள் துடைத்து மறுபடி எண்ணெய். முதல் ஒரு நாள் உறையில் போட வேண்டாம், தோல் உறையில் எப்போதுமே சேமித்து வைக்க வேண்டாம்.

கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். இதில் இருப்பது செலினியம் சேர்மமும் செம்பு உப்பும் அமிலமும். சமையல் மேடையில் வைத்துச் செய்யும் வேலை அல்ல இது.

துருப்பகை:

மேலே சொன்ன முறை சரி. திரவமா பசையா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பசை செங்குத்துப் பரப்பில் வழியாது, திருகுத் தலை போன்ற சிறு இடங்களுக்கு வசதி. பரந்த இடத்தில் கோடு விழும். குழல் முனைக்குத் திரவமே எடுங்கள். பிர்ச்வுட் கேஸி பெர்மா ப்ளூ எளிதில் கிடைக்கும், எளிதில் பிடிக்கும், எளிதில் தேயவும் செய்யும். என் ஓட்டு பிரவுனெல்ஸ் ஆக்ஸ்போ ப்ளூவுக்கு. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பதால் மிச்சசொச்ச எண்ணெயைக் கொஞ்சம் மன்னிக்கும், பின்துருவும் (மருந்து பூசியபின் கிளம்பும் துரு) குறைவு. அதைப் பூசிவிட்டுச் சும்மா விடக் கூடாது, துணியால் நன்றாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் சற்றுச் சாம்பல் கலந்த கறுப்பு. பளபளப்பான ஆழ்ந்த நீலம் எதிர்பார்த்தால் எந்தக் கோல்டு ப்ளூவும் ஏமாற்றும்.

காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹாட் ப்ளூவில் எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் 140 டிகிரி பக்கம் கொதிக்க, எஃகே ஆக்சைடாக மாறுகிறது. கோல்டு ப்ளூவில் எஃகு மாறுவதில்லை. செம்பும் செலினியமும் சேர்ந்த கறுப்புச் சேர்மம் மேலே படிகிறது. அதனால்தான் நிறம் ஒத்துவராது, உரசலும் தாங்காது. துருவைத் தடுக்கும் சக்தி அதற்கு ஏறக்குறைய இல்லை. தடுப்பது அதன் மேல் நிற்கும் எண்ணெயும் மெழுகும்தான். ரெனைசான்ஸ் வாக்ஸ் மாதிரி நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, சில நிமிடம் கழித்துத் துணியால் மெருகேற்றினால் உறை உரசலுக்கும் கை வியர்வைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும்.

ஒன்றில் மட்டும் எண்ணெய்த்துணியோடு முரண்படுகிறேன். பின்பட்டைப் பழுப்பை ஏன் தொட வேண்டும்? அது நிலைத்துவிட்ட மெல்லிய ஆக்சைடு. எண்ணெய் பூசிய துணியில் சிவப்பு வரவில்லை என்றால் அது பரவவில்லை. பிடி மூடினால் பாதி மறையும் இடத்துக்காக வெள்ளை எஃகு வரை தேய்ப்பது வீண்.

எண்ணெய்த்துணி:

துணியில் சிவப்பு வரவில்லை என்றால் விட்டுவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். வந்தால் எடுத்தே ஆக வேண்டும்.

காலடி மில்லி:

எல்லோரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மருந்து வாங்கும் முன் இயக்கத்தை ஒருமுறை பாருங்கள். காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஹேமரை மெதுவாக இழுத்து ஆறு அறையிலும் சிலிண்டர் முழுதாகப் பூட்டிக்கொள்கிறதா என்று சோதியுங்கள். சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவிட்ட மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். 0.1 முதல் 0.2 மி.மீ. வரை நல்லது. 0.25-ஐத் தாண்டி, சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடவும் செய்தால் பணத்தைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், ப்ளூ அப்புறம்.

சிலிண்டர் கோடு பற்றி: பூட்டுநாக்கு மேலெழுந்து சிலிண்டரில் உரசிக்கொண்டே காடிக்குப் போவதால் விழுவது. பல வடிவமைப்புகளில் அது இயல்பு. மருந்து போட்டால் மறையும், சில சுற்று சுழற்றியதும் திரும்ப வரும். கோடு விரல்நகத்தில் தட்டுப்படும் அளவு பள்ளமாக இருந்தால் நாக்கின் முனை கூர்மையாக இருக்கிறது என்று பொருள், அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை. நகத்தில் தட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சிலிண்டர் முன்முகத்தில் வளையம் வளையமாகக் கருகியிருக்குமே, அதையும் விட்டுவிடுங்கள். ஈயம் நீக்கும் மஞ்சள் துணியால் தேய்த்தால் கரியோடு ப்ளூவும் போகும்.

வார்ப்பறை:

ட்ரிகர் கார்டுக்கு வருகிறேன். காந்தம் ஒட்டவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அலுமினியமா துத்தநாகமா என்பது முதலில். உட்புறத்தில் ஊசியால் கீறுங்கள். அலுமினியக் கீறல் வெள்ளி போல் மின்னும், துத்தநாகம் நீலம் கலந்த சாம்பலாக இருந்து சீக்கிரம் மங்கும். பாகம் தனியாகக் கழன்றால் எடையே சொல்லிவிடும்: துத்தநாகக் கலவை அலுமினியத்தைப்போல இரண்டரை மடங்கு கனம்.

அலுமினியமென்றால் பிர்ச்வுட் கேஸியின் அலுமினியம் பிளாக் என்று தனி மருந்து உண்டு. வெறும் உலோகத்தில்தான் வேலை செய்யும். அனோடைஸ் படலம் (மின்முறையில் வளர்த்த கெட்டி ஆக்சைடு) இருந்தால் அது கண்ணாடி மாதிரி தடுத்துவிடும், 400 தாளால் உடைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். ஒரு நிமிடம் வைத்துக் கழுவுங்கள், இரண்டு சுற்று போதும். எஃகில் கோல்டு ப்ளூ எவ்வளவு தாங்குமோ அதைவிடக் குறைவாகவே இது தாங்கும்.

செதில் உரிந்த பெயின்டுக்கு நேர்மையான மருந்து பெயின்டேதான். உரிந்த ஓரங்களை 400 தாளால் சரிவாக்குங்கள். ஓரம் படியாக நின்றால் புதுப் பெயின்டும் அங்கிருந்தே உரியும். ஐசோபுரோபைலால் துடையுங்கள், அசிட்டோன் மிச்சப் பெயின்டையும் இளக்கிவிடும். எஃகு ஃபிரேமை மறைப்பு நாடாவால் மூடி, ட்ரிகர் துவாரத்தை உள்ளிருந்து அடைத்துவிடுங்கள். எட்ச் பிரைமர் (வெறும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு) ஒரு மெல்லிய பூச்சு, அதன்மேல் அரைமினுக்குக் கறுப்பு எபாக்சி எனாமல் மூன்று மெல்லிய பூச்சு, நடுவே பதினைந்து நிமிடம். தொட்டால் ஒட்டாது என்பதற்காக உடனே எண்ணெய் படவிடாதீர்கள், ஒரு வாரம் ஆறட்டும்.

துத்தநாகமென்றால் இரண்டு எச்சரிக்கை. அமிலத் துரு நீக்கி எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், நுரைத்துக்கொண்டு அரிக்கும். அடுப்பில் சுட்டுக் காயவைக்கும் பூச்சும் வேண்டாம். அழுத்த வார்ப்பில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் சூட்டில் பொங்கி மேற்பரப்பு கொப்புளிக்கும். யாராவது "முழுசா ஹாட் ப்ளூ தொட்டியில முக்கிடலாம்" என்று சொன்னால் ஓடிவிடுங்கள். அந்த எரிசோடாக் கரைசல் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் கரைத்தே விடும்.

சுழலி38:

எல்லோருக்கும் நன்றி. காந்தம் ஃபிரேம், குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒட்டியது, ட்ரிகர் கார்டில் ஒட்டவில்லை. அதைப் பெயின்டுக்கு ஒதுக்கிவிட்டேன். இடைவெளி 0.15 மி.மீ., பூட்டுதல் சரியாக இருக்கிறது. சிலிண்டர் கோடு நகத்தில் தட்டவில்லை.

குழல் முனைக்குப் பெர்மா ப்ளூ திரவம் போட்டேன். இடப்பக்கம் நன்றாக வந்திருக்கிறது. வலப்பக்கம் கறுப்புக்கு நடுவே இளஞ்சிவப்பாகச் செம்பு மாதிரி ஒரு திட்டு. அதன்மேல் இன்னும் மருந்து போட்டால் இன்னும் சிவக்கிறது. இரவு முழுக்க எண்ணெயில் வைத்தும் காலையில் முன்குறியின் அடியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு மெல்லிய படலம். பூண்டு வாடை வேறு. எங்கே தவறு?

எண்ணெய்த்துணி:

திட்டு மாதிரி இல்லை, அது செம்பேதான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் செப்பு சல்பேட்டில் ஆணியைப் போட்டால் சிவக்குமே, அதே வினை. இரும்பு கரைசலுக்குள் போகிறது, செம்பு வெளியே வந்து படிகிறது. மருந்து அந்த இடத்தில் தேங்கி நின்றிருக்கும், அல்லது படிந்ததை ஈரத்திலேயே அழுத்தித் தேய்த்து எஃகைத் திறந்துவிட்டிருப்பீர்கள். துப்பாக்கியை வலப்பக்கம் கீழே சாய்த்து வைத்துப் பூசினால் இப்படித்தான் ஒரு பக்கமாகச் சேரும்.

மேலே மேலே போடாதீர்கள். எண்ணெயை அசிட்டோனில் எடுத்துவிட்டு, சுத்தமான ஸ்டீல் வூலால் சிவப்பு முழுக்க மறையும்வரை தேயுங்கள், அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் போதும். இந்தமுறை பட்ஸைப் பிழிந்துவிட்டு, 15 முதல் 20 விநாடி மட்டும் பூசி உடனே நீரில் துடையுங்கள். இப்படிக் குறுகிய சுற்றுகள் மூன்று. பிறகும் அதே இடம் சிவந்தால் அங்கே மெருகு சொரசொரப்பாக இருக்கிறது, 600 தாளால் ஒருமுறை இழுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

துருப்பகை:

காலையில் பார்த்தது பின்துரு. முன்குறிக்கும் குழலுக்கும் இடையே உள்ள இணைப்பில் மருந்து புகுந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே எண்ணெய் இருந்தாலும் கீழே அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துணியால் துடைப்பதால் அது போகாது.

வெந்நீர்தான் வழி. பிடி, சிலிண்டர் இரண்டும் கழன்றிருக்கட்டும். குழல் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கும் காய்ச்சி வடித்த நீரை முன்குறி அடியில் நாலைந்து தடவை விடாமல் ஊற்றுங்கள். குழாய் நீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு வெள்ளைப் புள்ளியாகக் காயும். கையில் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இணைப்பில் உள்ளதை நீர் அலசி வெளியேற்றும். எஃகு சூடேறியிருப்பதால் மீதி ஈரம் தானாகவே ஆவியாகும். சிவப்புப் படலத்தில் கொஞ்சம் கறுப்பாகவும் மாறும், ரஸ்ட் ப்ளூ முறையே (துருவை வரவழைத்துக் கொதிநீரில் கறுப்பாக்குவது) இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. மிச்சத்தை நாரால் எடுங்கள்.

சூட்டோடு நீர் விரட்டும் எண்ணெயை இணைப்பில் கசியவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்து, பிறகு வழக்கமான துப்பாக்கி எண்ணெய். நீர் விரட்டும் எண்ணெயை மட்டும் நம்பி நிறுத்த வேண்டாம், அது மெல்லியது, ஆவியாகிவிடும். தண்ணீர் இயக்கப் பகுதிக்குள் போயிருக்கலாம் என்று தோன்றினால் ட்ரிகர் துவாரம் வழியாக அங்கேயும் எண்ணெய் விடுங்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். பழுப்பு வராமல் நின்ற பிறகுதான் மெழுகு. அதற்கு முன் போட்டால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

வாடை செலினியத்தினுடையது. கை வியர்வை பட்டால் கொஞ்ச நாள் வரும், மெழுகு போட்டபின் குறையும். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

வார்ப்பறை:

கோப்பையில் மிஞ்சிய மருந்தைப் புட்டியில் திரும்ப ஊற்றிவிடாதீர்கள். அதில் இரும்பு கலந்துவிட்டது, முழுப் புட்டியும் கெடும், அடுத்தமுறை திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம், செலினியமும் செம்பும் மீனுக்கு நஞ்சு. மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, பெயர் எழுதி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பட்ஸும் துணியும் அதோடு போகட்டும். ட்ரிகர் கார்டுக்குப் பெயின்ட் அடிப்பதைக் குழல் வேலை முடிந்து அந்த ஒரு வாரமும் கழிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அடித்தால் அடுத்து நீங்கள் எடுக்கப்போகும் அசிட்டோன் துணி அதையும் உரித்துவிடும்.